உஷார்! ‘எல்லாம் கிளவுடில் பத்திரமாக இருக்கிறது’ என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்களா?

2021 மார்ச் 10. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரம். நள்ளிரவு தாண்டிய நேரத்தில், ஐரோப்பாவின் பெரிய கிளவுட் நிறுவனங்களில் ஒன்றான ஓ.வி.ஹெச்.கிளவுடின் டேட்டா சென்டர் வளாகத்தில் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுக்க எரிந்துபோனது. பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் நாசம். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், விடிந்தபோது லட்சக்கணக்கான இணையதளங்கள் முடங்கிக் கிடந்தன. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று காத்திருந்த பலருக்கு, திரும்பி வருவதற்கு எதுவுமே மிச்சமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ‘கிளவுடில்தானே இருக்கிறது, வேறெங்காவது ஒரு நகல் தானாகவே இருக்கும்’ என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அப்படி எந்த நகலும் தானாக உருவாகியிருக்கவில்லை. தனியாகக் காசு கட்டி பேக்கப் வாங்கியவர்களில் சிலருக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. அந்த பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்து, அதே தீயில் போனது.

அப்படிப் பறிகொடுத்த ஒரு நிறுவனம் வழக்குப் போட்டது. ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு தரச் சொல்லி 2023-ல் லீல் நகர வணிக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கைத் தூக்கி நிறுத்தியது ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரி. பேக்கப், சர்வரிலிருந்து பிரித்துத் தனியாக வைக்கப்படும் என்று அதில் எழுதியிருந்தது. அதே கட்டடத்தில் வைத்தால் அது எப்படித் தனி என்று நீதிமன்றம் கேட்டது.

புதிதாகத் தொழில் தொடங்கி, பில்லிங், ஸ்டாக், கணக்கு என்று எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இந்த ஒரு வரியைப் பற்றி யோசியுங்கள். ரீஜன், பேக்கப், எஸ்.எல்.ஏ., எக்ரஸ் என்று விற்பனையாளர் அடுக்கும் சொற்களை ஏதோ கம்ப்யூட்டர்காரர்களின் பாஷை என்று ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் அவை ஒவ்வொன்றும், நாளை நஷ்டம் வந்தால் அது யார் தலையில் விழும் என்பதை முடிவுசெய்கிற சொற்கள். பெரும்பாலும் அது உங்கள் தலையில்தான் விழும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் உஷார், நீங்கள் வாங்குவது என்ன வகை என்பதில். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 2011-ல் கிளவுட் சேவைகளை மூன்றாகப் பிரித்தது. ஐ.ஏ.ஏ.எஸ். என்றால் வெறும் சர்வர், டிஸ்க், நெட்வொர்க் மட்டும் வாடகைக்கு. உள்ளே ஓடுகிற விண்டோஸ் அல்லது லினக்ஸை அப்டேட் செய்வது, ஃபயர்வால் போடுவது, பேக்கப் எடுப்பது எல்லாம் வாடகைக்கு எடுத்தவர் வேலை. பி.ஏ.ஏ.எஸ். என்றால் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கான தளம். கடைக்காரர்களுக்கு அது அதிகம் தேவைப்படாது. சாஸ் என்றால் ஜிமெயில் போலத் தயார் நிலையில் உள்ள மென்பொருள். லாகின் செய்து பயன்படுத்தினால் போதும். யார் யாருக்கு அனுமதி, உள்ளே என்ன டேட்டா என்பது மட்டும் உங்கள் பொறுப்பு.

ஆபத்து எங்கே தெரியுமா? சாஸ் என்று நினைத்துக்கொண்டு ஐ.ஏ.ஏ.எஸ். வாங்குவதில். நம் ஊர்க் கடைகளில் ‘கிளவுட் டேலி’ என்று விற்கப்படுவதைக் கவனித்துப் பாருங்கள். பல இடங்களில் அது எங்கோ இருக்கிற ஒரு விண்டோஸ் சர்வரில் டேலி கணக்கு மென்பொருளை ஏற்றி, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உங்களை உள்ளே விடுகிற ஏற்பாடு. முதலாளி கேட்கிறார், “தம்பி, டேட்டா பத்திரமா இருக்குமா?” விற்பவர் சொல்கிறார், “அண்ணே, கிளவுட்ல போட்டாச்சு, இனி ஒண்ணும் ஆகாது.” பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. அந்த விண்டோஸுக்கு அப்டேட் போடுவது யார்? தினமும் பேக்கப் எடுப்பது யார்? அந்த ரிமோட் டெஸ்க்டாப் கதவு உலகத்துக்கே திறந்து கிடக்கிறதா? அங்கே யாரும் கேட்பதில்லை. இணையத்தில் இப்படித் திறந்து கிடக்கும் ரிமோட் டெஸ்க்டாப்தான் ரேன்சம்வேர் கும்பல்கள் நுழைகிற மிகப் பழைய, மிகச் சுலபமான வழிகளில் ஒன்று. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். கொடுத்தாலும் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இதையொட்டி வருவது ‘ஷேர்டு ரெஸ்பான்ஸிபிலிட்டி’ என்கிற ஏற்பாடு. அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் என எல்லா நிறுவனங்களும் இதைத் தங்கள் விதிமுறைகளில் வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கின்றன. காம்ப்ளெக்ஸில் கடை வாடகைக்கு எடுத்தால் கட்டடத்துக்கு உரிமையாளர் பொறுப்பு, உங்கள் ஷட்டருக்குப் பூட்டு போடுவது நீங்கள். இங்கும் அதேதான். 2019-ல் அமெரிக்காவின் கேபிட்டல் ஒன் வங்கியில் அமெரிக்கர்கள் சுமார் 10 கோடிப் பேர், கனடா நாட்டவர் சுமார் 60 லட்சம் பேர் ஆகியோரின் விவரங்கள் திருடு போயின. டேட்டா இருந்தது அமேசான் கிளவுடில். ஓட்டை இருந்தது, வங்கி தன் பக்கம் தவறாக அமைத்திருந்த ஃபயர்வாலில். 2020-ல் அமெரிக்க வங்கிக் கட்டுப்பாட்டாளர் விதித்த 8 கோடி டாலர் அபராதத்தைக் கட்டியது வங்கிதான். 2024-ல் ஸ்னோஃப்ளேக் என்ற டேட்டா கிளவுடைப் பயன்படுத்திய பல நிறுவனங்களின் டேட்டா களவு போனபோதும் இதே கதை. திருடிய பாஸ்வேர்டை வைத்து வாசல் வழியாகவே உள்ளே போனார்கள்; அந்தக் கணக்குகளில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடப்படவில்லை.

இனி பேக்கப். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான்.

சிங்க் வேறு, பேக்கப் வேறு. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் ஃபோல்டரில் போட்டுவைத்தால் அது சிங்க். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழியும். ரேன்சம்வேர் இங்கே பூட்டினால், பூட்டிய கோப்பு அங்கேயும் போய் உட்காரும். பழைய பதிப்புகளைக் கொஞ்ச காலம் வைத்திருக்கும் வசதி உண்டுதான். ஆனால் அதற்குக் கெடு உண்டு. அந்தக் கெடுவுக்குப் பெயர் ரிட்டென்ஷன். கூகுள் வொர்க்ஸ்பேஸில் ஒரு ஊழியரின் கணக்கை அட்மின் அழித்துவிட்டால், 20 நாட்களுக்குள் மீட்கலாம். அதற்குப் பிறகு முடியாது. மைக்ரோசாஃப்ட் 365-ல் அழித்த மெயில்பாக்ஸுக்கு 30 நாட்கள். அக்கவுன்டன்ட் வேலையை விட்டுப் போகிறார், லைசென்ஸ் காசு மிச்சம் என்று அவர் ஐ.டி.யை அழித்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வருகிறது, சப்ளையரோடு நடந்த கடிதப் போக்குவரத்து தேவைப்படுகிறது. அது இல்லை. யார் கையைக் காலைப் பிடித்தாலும் வராது.

ஸ்னாப்ஷாட் என்று இன்னொரு சொல் வரும். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் டிஸ்க் எப்படி இருந்ததோ அதை அப்படியே பிடித்துவைப்பது. நல்ல வசதி. ஆனால் அது அதே கணக்குக்குள் இருந்தால், கணக்கைக் கைப்பற்றியவர் கையில் ஸ்னாப்ஷாட்டும் இருக்கும். கோட் ஸ்பேஸஸ் என்ற நிறுவனத்துக்கு 2014 ஜூனில் நடந்தது இதுதான். மென்பொருள் எழுதுகிறவர்களின் கோடை வைத்துப் பாதுகாத்துத் தருவதுதான் அவர்கள் தொழில். முழுமையான பேக்கப் இருக்கிறது என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியும் இருந்தார்கள். யாரோ அவர்களின் அமேசான் கன்ட்ரோல் பேனலுக்குள் நுழைந்து பணம் கேட்டார். அவர்கள் பாஸ்வேர்டுகளை மாற்றத் தொடங்கியதும், அவர் தனக்கென்று முன்பே உருவாக்கிவைத்திருந்த வேறு லாகின்கள் வழியாக வந்து, சர்வர், டிஸ்க், ஸ்னாப்ஷாட், பேக்கப் என்று வரிசையாக அழித்தார். சுமார் 12 மணி நேரம். அதற்குள் பெரும்பாலானவை போய்விட்டன. வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரக்கூட வழி தெரியாத நிலையில், தொழிலை மூடுவதாக அறிவித்தார்கள். நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த நிறுவனம் அது. ஒரே நாளில் இல்லாமல் போனது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 மே மாதம், ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதி. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், சுமார் 12,500 கோடி ஆஸ்திரேலிய டாலர் சொத்து. கூகுள் கிளவுடில் அவர்களுக்கு அமைத்துக்கொடுத்த பிரைவேட் கிளவுட் ஒன்று முழுதாக அழிந்துபோனது. யாரும் ஹேக் செய்யவில்லை. அமைக்கும்போது கூகுள் ஊழியர்கள் ஒரு இடத்தில் மதிப்பைப் போடாமல் காலியாக விட்டதால், ஓராண்டு கழித்துத் தானாக அழிந்துவிடும்படி அது அமைந்துவிட்டது. இரண்டு இடங்களில் நகல் இருந்தும், அந்த பிரைவேட் கிளவுடே அழிந்ததால் இரண்டுமே போயின. சுமார் ஒரு வாரம் உறுப்பினர்களால் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. ஆனால் நிதி பிழைத்தது. அழிந்துபோன அந்த கிளவுடுக்கு வெளியே தனியாக பேக்கப் வைத்திருந்ததுதான் காரணம். கூகுள் போன்ற நிறுவனத்தின் கையிலேயே இப்படி நடக்கும் என்றால், மாதம் சில ஆயிரம் ரூபாய்க்குச் சிறிய ஹோஸ்டிங் நிறுவனத்தை நம்பியிருக்கிறவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

தென்கொரிய அரசே இந்த விஷயத்தில் சறுக்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 26-ல் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பற்றியதில், அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் அழிந்தது. 858 டெராபைட். வெளியே பேக்கப் இல்லை.

ஆகவே விற்பவரிடம் “பேக்கப் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் “இருக்குண்ணே” என்றுதான் சொல்வார்கள். எந்த ஊரில் இருக்கிறது? வேறு கணக்கில், வேறு பாஸ்வேர்டில் இருக்கிறதா? எத்தனை நாள் பழையது வரை கிடைக்கும்? கடைசியாக எப்போது அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள்? கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பி நான் ஒரு ரூபாய்கூட வைக்க மாட்டேன். உங்களிடமும் அதையே கெஞ்சிக் கேட்கிறேன். மாதம் ஒருமுறை ஒரு நகலை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, கடைக்கு வெளியே வேறிடத்தில் வையுங்கள்.

ரீஜன் என்பது உங்கள் டேட்டா உண்மையில் இருக்கிற ஊர். அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்டுக்கு சென்னை உள்ளிட்ட ஊர்களிலும், கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும் ரீஜன்கள் இருக்கின்றன. ஒரு ரீஜனுக்குள் தனித்தனி மின்சாரம், தனித்தனிக் கட்டடங்களோடு உள்ள பிரிவுகளுக்கு அவெய்லபிலிட்டி ஸோன் என்று பெயர். உங்கள் சர்வர் ஒரே ஸோனில் இருந்தால், அந்த ஸோன் படுத்தால் நீங்களும் படுப்பீர்கள். கணக்கு திறந்ததும் எந்த ரீஜன் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள்; கவனிக்காமல் விட்டால் எல்லாம் அமெரிக்காவில் போய் உட்காரலாம். இது வேகத்தை மட்டும் பொறுத்த விஷயமில்லை. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள், கணக்குப் புத்தகங்களை மின்னணு முறையில் வைத்திருந்தால், இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டிருக்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் இன்றே கேளுங்கள்.

சட்டம் வேறு சிலவற்றையும் எதிர்பார்க்கிறது. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகை சைபர் தாக்குதல்களை, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சிஸ்டம் லாகுகளை, அதாவது செயல்பாட்டுப் பதிவுகளை, 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு செய்யாததற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வரும். வாடிக்கையாளரின் போன் நம்பரும் முகவரியும் உங்கள் கிளவுட்காரரிடமிருந்து கசிந்தாலும், சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். ‘அவர்தான் வைத்திருந்தார்’ என்ற பதில் செல்லாது.

எஸ்.எல்.ஏ. என்றால் சேவை எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும் என்ற உறுதிமொழி. 99.9 சதவீதம் என்று போட்டிருந்தால் கேட்பதற்கு நிம்மதியாக இருக்கும். கணக்குப் போட்டால், மாதத்துக்கு 43 நிமிடம் நின்றாலும் அது ஒப்பந்தத்துக்குள்தான். 99 சதவீதம் என்றால் 7 மணி நேரத்துக்கு மேல். சரி, அதையும் தாண்டி நின்றால்? அமேசானின் சர்வர் சேவைக்கான எஸ்.எல்.ஏ.வை எடுத்துக்கொள்வோம். மாதம் 10,000 ரூபாய் சர்வர் வாடகை கட்டுகிறவருக்கு, தீபாவளி விற்பனை நாளில் 8 மணி நேரம் சர்வர் நின்றுபோனால் 30 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். அதுவும் பணமாக வராது. அடுத்த பில்லில் கழிக்கிற கிரெடிட். நீங்களே விண்ணப்பித்துக் கேட்டால்தான் அதுவும். அன்று போன வியாபாரத்துக்கு யாரும் ஒரு பைசா தர மாட்டார்கள். 2025 அக்டோபர் 20-ல் அமேசானின் வர்ஜீனியா ரீஜன் கோளாறில் உலகம் முழுக்க எத்தனையோ ஆப்கள் மணிக்கணக்கில் நின்றன. கிளவுட் நின்றால் கடையில் கையால் பில் போட உங்களிடம் ஒரு பில் புக்காவது இருக்கிறதா?

பில் என்றதும் அடுத்த பயம். ‘பே அஸ் யூ கோ’ என்றால் பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம். இதில் உச்சவரம்பு கிடையாது என்பதைப் பலர் உணர்வதில்லை. பட்ஜெட் அலெர்ட் என்று ஒரு வசதி இருக்கும். ‘5,000 ரூபாய் தாண்டினால் சொல்’ என்று அமைக்கலாம். அது சொல்லும், அவ்வளவுதான். தானாக எதையும் நிறுத்தாது. நிறுத்த வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். சர்வரை ‘ஸ்டாப்’ செய்துவிட்டால் மீட்டர் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். டிஸ்க்குக்கு ஓடிக்கொண்டிருக்கும். அமேசானில் பப்ளிக் ஐ.பி. முகவரிக்கே 2024 பிப்ரவரியிலிருந்து மணிக்கு அரை சென்ட். விலைகள் டாலரில் நிர்ணயிக்கப்படுவதால் ரூபாய் விழுந்தால் உங்கள் பில் ஏறும். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. இலவசம் என்று சொல்லப்படும் ஃப்ரீ டியருக்கும் கெடு இருக்கிறது. அமேசானில் 2025 ஜூலை 15-க்கு முன் கணக்கு தொடங்கியவர்களுக்கு 12 மாதம். இப்போது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 200 டாலர் வரை கிரெடிட், இலவசத் திட்டம் 6 மாதம். பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து ஓராண்டு இலவசம் என்று நம்பிவிடாதீர்கள்.

ஆக்ஸஸ் கீ என்ற ஒன்றைப் பற்றி உங்கள் சாஃப்ட்வேர் ஆளிடம் கண்டிப்பாகப் பேசுங்கள். அது பாஸ்வேர்டுக்குச் சமம். அதைத் தெரியாமல் கிட்ஹப் போன்ற பொதுத் தளத்தில் ஏற்றிவிட்டால், தேடிக்கொண்டே இருக்கும் திருட்டு புரோகிராம்கள் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடும். உங்கள் கணக்கில் சர்வர்களைக் கிளப்பி கிரிப்டோ மைனிங் செய்வார்கள். பில் உங்கள் கார்டுக்கு வரும். 2018-ல் டெஸ்லாவின் கிளவுடிலேயே இப்படி மைனிங் நடந்தது. பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடந்த ஒரு கன்ஸோல்தான் வழி.

எக்ரஸ் என்றால் டேட்டாவை வெளியே எடுப்பதற்கான கட்டணம். உள்ளே போடுவது பெரும்பாலும் இலவசம். அமேசானின் மும்பை ரீஜனிலிருந்து எடுக்க, முதல் 100 ஜி.பி.க்குப் பிறகு ஒரு ஜி.பி.க்குக் கிட்டத்தட்ட 11 சென்ட். வீடியோ, போட்டோ என்று 5 டெராபைட் சேர்த்துவிட்டவர் எடுக்கப் போனால் 500 டாலருக்கு மேல். முழுதாக வெளியேறும் வாடிக்கையாளர்களுக்கு இதைத் தள்ளுபடி செய்வதாக 2024-ல் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் அறிவித்தன. ஆனால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். சிறிய நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது வேறு: நான் விலகினால், அல்லது நீங்கள் கடையைச் சாத்தினால், என் டேட்டா எந்த வடிவத்தில், எத்தனை நாளில் கிடைக்கும்? 2013 செப்டம்பரில் நிர்வானிக்ஸ் என்ற அமெரிக்க கிளவுட் ஸ்டோரேஜ் நிறுவனம் மூடப்போவதாகச் சொன்னபோது, வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்த அவகாசம் சுமார் இரண்டு வாரம். அதில் பெரிய நிறுவனங்களும் இருந்தன. அவ்வளவு டேட்டாவை அத்தனை குறுகிய காலத்தில் இழுத்து எடுக்கப் பட்ட பாடு சொல்லி மாளாது.

கடைசியாக, ரூட் அக்கவுன்ட். கிளவுட் கணக்கைத் திறந்த மெயில் ஐ.டி.க்குத்தான் முழு அதிகாரம். எதையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம். நம் ஊரில் பலர் அவசரத்தில், “நீங்களே உங்க மெயில்ல ஓப்பன் பண்ணிடுங்க தம்பி, எனக்கு இதெல்லாம் தெரியாது” என்று செட்டப் செய்து தருபவரிடமே விட்டுவிடுகிறார்கள். டொமைன் பெயரும் அவர் பெயரிலேயே பதிவாகிவிடும். நாளைக்கு அவரோடு மனஸ்தாபம் வந்தால், அல்லது அவர் ஊரை விட்டே போய்விட்டால், உங்கள் தொழிலின் சாவி அவரோடு போய்விடும். கிளவுட் நிறுவனத்தைக் கூப்பிட்டால், கணக்கில் உங்கள் பெயரே இல்லை என்பார்கள்.

ரூட் அக்கவுன்டும் டொமைனும் உங்கள் மெயில் ஐ.டி.யில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும். அதற்கு டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்கள். ரெகவரி கோடுகளைத் தாளில் எழுதிப் பத்திரத்தோடு வையுங்கள். அன்றாட வேலைக்கு ரூட்டைத் தொடாமல், செட்டப் செய்பவருக்கும் ஊழியர்களுக்கும் தேவையான அளவு அதிகாரத்தோடு தனித்தனி யூசர்களை உருவாக்கிக் கொடுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போகிற அன்றே அவர் யூசரை முடக்குங்கள். அழித்துவிடாதீர்கள், முடக்குங்கள். ஏற்கெனவே வேறொருவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இந்த வாரமே.